விண்வெளியில் குடித்தனம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய் வந்ததிலிருந்து விண்வெளி பற்றிய கேள்விகள் தொடர்ந்து வருகின்றன. அங்கே எப்படி வாழ்கிறார்கள், பூமிக்கு வெளியே உயிர் உண்டா என்ற இரண்டில் ஒன்றைத்தான் பெரும்பாலோர் கேட்கிறீர்கள். இந்த இதழின் பக்கங்கள் முழுக்க அவற்றுக்கே.

விண்வெளி வீரர்கள் சிறுநீரைச் சுத்தம் செய்து குடிக்கிறார்கள் என்கிறார்களே, நிஜமா? எப்படிச் செய்கிறார்கள்?
– கல்லூரி மாணவி, தேனி

நிஜம்தான். சிறுநீரோடு வியர்வை, மூச்சுக்காற்றில் வரும் ஈரம் எல்லாமே மறுபடி குடிதண்ணீர் ஆகின்றன. ஒருவருக்குக் குடிக்கவும் சாப்பாட்டில் கலக்கவும் உடம்பு துடைக்கவும் நாளொன்றுக்கு 3.8 லிட்டர் வேண்டும். ஏழு பேர் ஆறு மாதம் இருந்தால் கிட்டத்தட்ட 4,800 லிட்டர். ஐந்து டன் எடையை ராக்கெட்டில் ஏற்றிக்கொண்டே இருப்பது கட்டுப்படியாகாது. அதனால் 2008 நவம்பரில் மறுசுழற்சி இயந்திரத்தை மேலே அனுப்பினார்கள்.

முதல் வேலை கழிப்பறையிலேயே தொடங்கிவிடும். எதுவும் கீழே விழாத இடம் என்பதால் புனல் வைத்த குழாய் வழியே காற்றுதான் சிறுநீரை உறிஞ்சும். உறிஞ்சும்போதே அமிலமும் ஒரு குரோமியம் சேர்மமும் கலக்கப்படும். கலக்காவிட்டால் நுண்ணுயிர்கள் பெருகும்; யூரியா உடைந்து அமோனியா வரும்.

அடுத்தது காய்ச்சி வடித்தல். பூமியில் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஆவி மேலே போகும், திரவம் கீழே நிற்கும். அங்கே மேலும் இல்லை, கீழும் இல்லை. அதனால் சுழலும் உருளைக்குள் சிறுநீரை விடுகிறார்கள். சுழற்சியில் திரவம் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், ஆவி நடுவில் தனியே பிரியும். உள்ளே அழுத்தத்தைக் குறைத்து வைத்திருப்பதால் கொதிக்கப் பெரிய சூடும் தேவைப்படாது. இப்படி வந்த நீரோடு காற்றிலிருந்து பிடித்த ஈரமும் சேர்ந்து வடிகட்டிப் படுகைகள் வழியாகப் போகும். அதிலும் சிக்காத சின்னச் சின்னக் கரிமச் சேர்மங்களை 130 டிகிரி செல்சியஸ் அளவிலான சூட்டில் வினையூக்கியும் ஆக்சிஜனும் எரித்துவிடும். கடைசியில் மின்கடத்தும் திறனைச் சோதிப்பார்கள். தேறாவிட்டால் தண்ணீர் மறுபடி ஆரம்பத்துக்கே போகும். தேறிய தண்ணீரில் கிருமி வராமலிருக்க அயோடின் கலந்து வைத்து, குடிக்கும் இடத்தில் அந்த அயோடினைப் பிரித்துவிடுவார்கள். நாள்பட அது தைராய்டுக்கு ஆகாது.

இதெல்லாம் காகிதத்தில் ஒழுங்காகத்தான் இருந்தது. 2009-இல் வடிக்கும் பகுதி அடைத்துக்கொண்டது. திறந்து பார்த்தால் கால்சியம் சல்ஃபேட், அதாவது ஜிப்சம். எடையற்ற நிலையில் எலும்பு கரைகிறது. இடுப்பெலும்பில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை போகும். கரைந்த கால்சியம் சிறுநீரில் வரும். அப்போது கலந்துகொண்டிருந்தது கந்தக அமிலம், ஆகவே சல்ஃபேட்டும் அதிலேயே இருந்தது. தண்ணீரைப் பிரிக்கப் பிரிக்க மீதித் திரவம் கெட்டியாகி, இரண்டும் சேர்ந்து படிந்துவிட்டன. 85 சதவீதம் மீட்க வேண்டும் என்ற இலக்கைக் குறைத்துக்கொண்டு பல வருடம் ஓட்டினார்கள். பிறகு கந்தக அமிலத்துக்குப் பதில் பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறியதும் பழைய இலக்கை எட்ட முடிந்தது. வீரர்களின் எலும்பு மருத்துவமும் குழாய் அடைப்பும் ஒரே பிரச்சினை என்பதை அந்த வெள்ளைப் படிவுதான் காட்டிக்கொடுத்தது.

இன்னொரு தொல்லை 2010-இல் வந்தது. தண்ணீரில் கரிமச் சேர்மங்களின் அளவு ஏறிக்கொண்டே போனது. தேடியதில் சிலிக்கான் சேர்ந்த ஒரு பொருள். டியோடரன்ட் போன்ற ஒப்பனைப் பொருட்களிலும் உயவுப் பொருட்களிலும் இருக்கும் சிலாக்சேன்கள் காற்றில் கலந்து, உருமாறி, ஈரத்தோடு தண்ணீருக்குள் வந்திருந்தன. மூடிய வீட்டில் யார் எதைப் பூசினாலும் கடைசியில் எல்லோர் டம்ளரிலும் வந்து சேரும்.

மீந்த உப்புக் கரைசலையும் சவ்வுப் பைகளில் அடைத்துச் சூடான உலர்காற்றில் காய வைத்து ஈரத்தைப் பிடிக்கும் கருவி 2021-இல் போனது. அதன் பிறகு மொத்த மீட்பு 98 சதவீதத்தை எட்டியிருக்கிறது. 2024 மே இறுதியில் சிறுநீர் இயந்திரத்தின் பம்பு ஒன்று பழுதானபோது, ஸ்டார்லைனர் கலத்தில் போகவிருந்த இரண்டு வீரர்களின் துணிப் பெட்டிகளை இறக்கிவிட்டு அந்த இடத்தில் சுமார் 70 கிலோ எடையுள்ள மாற்றுப் பம்பை ஏற்றினார்கள். துணியா பம்பா என்றால் அங்கே பம்புதான்.

விண்வெளி நிலையத்தில் ஒரு தோசை சுட்டுச் சாப்பிட முடியுமா?
– குடும்பத் தலைவி, கும்பகோணம்

முடியாது. வெப்பக் காற்று மேலெழும்பாத இடத்தில் தீச்சுடர் உருண்டையாகிவிடும். வெளியிலிருந்து காற்று வீசாவிட்டால் தன் புகையிலேயே திணறி அணையும். அது ஒருபுறமிருக்க, மூடிய அறைக்குள் அடுப்பையும் எண்ணெய்ப் புகையையும் யாரும் அனுமதிக்க மாட்டார்கள். வெந்து பதப்படுத்திய பைகளும், வெந்நீர் விட்டால் சாப்பாடாகும் உலர் பைகளும்தான் அங்கே உணவு. ரொட்டித் துகள் மிதந்து போய்க் காற்று வடிகட்டியையோ கண்ணையோ பதம் பார்க்கும் என்பதால் ரொட்டிக்குப் பதில் டார்ட்டில்லா, கிட்டத்தட்ட நம் சப்பாத்தி. உப்பைக் கரைசலாகவும் மிளகை எண்ணெயில் கலந்தும் தருவார்கள். சுக்லா 2025-இல் கேரட் அல்வா, பாசிப்பருப்பு அல்வா, மாம்பழச் சாறு கொண்டுபோனார். மூன்றுமே ஈரப்பசையுள்ளவை, உதிராதவை. விவரம் தெரிந்த தேர்வு.

மரமே இல்லாத இடத்தில் ஆக்சிஜனுக்கு என்ன செய்கிறார்கள்? நிறையச் செடி வளர்த்துவிட்டால் போதாதா?
– ஆசிரியர், புதுக்கோட்டை

தண்ணீரை மின்சாரத்தால் பிளக்கிறார்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு 0.84 கிலோ ஆக்சிஜன் தேவை. அதற்கு ஏறக்குறைய 0.95 கிலோ தண்ணீர் செலவாகும். கூடவே வரும் ஹைட்ரஜனை முன்பெல்லாம் வெளியே விட்டுவிட்டார்கள். 2010-க்குப் பிறகு அதைக் கார்பன் டை ஆக்சைடோடு சேர்த்துச் சூடான வினையூக்கி மேல் விட்டு மறுபடி தண்ணீராக்குகிறார்கள். அதில் உண்டாகும் மீத்தேன் வெளியே போய்விடும். மீத்தேனோடு ஹைட்ரஜனும் போவதால் வட்டம் முழுமையாக மூடுவதில்லை. மூச்சில் போகும் ஆக்சிஜனில் பாதியளவுதான் திரும்பக் கிடைக்கும்.

ஆக்சிஜனைவிடப் பெரிய தலைவலி கார்பன் டை ஆக்சைடு. தலைவலி என்று உவமைக்குச் சொல்லவில்லை. வீரர்களுக்கு நிஜமாகவே வருகிறது. வெளிக்காற்றில் 0.04 சதவீதம் இருக்கும் வாயு நிலையத்துக்குள் சுமார் 0.3, 0.4 சதவீதம் வரை இருக்கும். ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தின் மணிகள் நிரம்பிய இரண்டு படுகைகள் மாறி மாறி அதை உறிஞ்சும். ஒன்று உறிஞ்சும்போது மற்றதைச் சூடாக்கி வாயுவை வெளியேற்றுவார்கள். சூடாகி ஆறி, சூடாகி ஆறி மணிகள் தூளாகும், தூள் வால்வுகளில் போய் உட்காரும், இயந்திரம் நிற்கும். படுக்கும் இடத்தில் மின்விசிறி ஓடியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் விட்ட மூச்சு மேலே எழும்பாமல் முகத்தைச் சுற்றியே நிற்கும்.

செடிக்கு வருவோம். அமெரிக்காவின் அரிசோனாவில் பயோஸ்பியர் 2 என்ற கண்ணாடி உலகம் கட்டினார்கள். சுமார் 1.27 ஹெக்டேர், காடு, வயல், ஒரு குட்டிக் கடல் வரை உள்ளே இருந்தது. 1991 செப்டம்பர் 26-இல் எட்டுப் பேர் உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டார்கள். பதினாறு மாதத்தில் ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து 14.5 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிட்டது. நாலாயிரம் மீட்டருக்கு மேலான மலையில் குடியிருப்பதற்குச் சமம். படியேறினால் மூச்சு வாங்கும், இரவில் தூக்கம் வராது. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்ற வேண்டியதாயிற்று.

செடிகள் குறைவு என்பதல்ல காரணம். பயிர் நன்றாக வர வேண்டுமென்று மண்ணில் மக்கிய பொருளை அள்ளிப் போட்டிருந்தார்கள். மண்ணின் நுண்ணுயிர்கள் அதைத் தின்று, ஆக்சிஜனைச் செலவழித்துக் கார்பன் டை ஆக்சைடை விட்டன. அந்த வாயு அதே அளவு ஏறியிருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பார்கள், ஏறவில்லை. கடைசியில் கார்பன் ஐசோடோப்புகளை வைத்துத் தேடியபோதுதான் கட்டடத்தின் கான்கிரீட் அதை உறிஞ்சிக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஆக்சிஜன் சுவருக்குள் போய்ப் பூட்டிக்கொண்டுவிட்டது.

செடியால் முடியாது என்பதல்ல. சைபீரியாவின் கிராஸ்னோயார்ஸ்கில் 1972-73-இல் மூன்று பேர் கோதுமை, காய்கறி, பாசி இவற்றின் துணையோடு ஆறு மாதம் மூடிய கூடத்தில் இருந்து காட்டினார்கள். மண்ணையும் மக்கையும் அள்ளிப் போடாமல், விளக்கு, நீர், சத்து எல்லாவற்றையும் அளந்து கொடுத்த கூடம் அது. மூடிய இடத்தில் அளந்து சேர்த்ததுதான் கைகொடுக்கும். "இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்று விட்டால் அது தன் கணக்கைத்தான் பார்க்கும், உங்கள் கணக்கை அல்ல.

விண்வெளியில் ஈர்ப்பு விசை இல்லாததால்தானே மிதக்கிறார்கள்?
– பத்தாம் வகுப்பு மாணவர், கோவில்பட்டி

இல்லை. 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் சுமார் 89 சதவீதம் இருக்கிறது. நிலையமும் ஆட்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள். மணிக்கு 28,000 கிலோமீட்டர் அளவில் பக்கவாட்டு வேகமும் இருப்பதால் விழும் பாதை பூமியைத் தொடாமல் வளைந்து போகிறது. தேர்வில் 'ஈர்ப்பு இல்லை' என்று எழுதாதீர்கள்.

1976-லேயே செவ்வாயில் உயிர் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள், மறைத்துவிட்டார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அதில் உண்மை உண்டா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சேலம்

மறைக்கவில்லை, முடிவுகள் எல்லாமே அச்சில் இருக்கின்றன. குழப்பம் மட்டும் இன்னும் முழுசாகத் தீரவில்லை.

நாசாவின் ஆளில்லாக் கலங்களான வைக்கிங் 1 அந்த ஆண்டு ஜூலை 20-இலும் வைக்கிங் 2 செப்டம்பர் 3-இலும் செவ்வாயில் இறங்கின. உயிரைத் தேட மூன்று சோதனைகள். சர்ச்சைக்குரியது ஒன்றுதான். அரை கன சென்டிமீட்டர் மண்ணில் சத்துக் கரைசலை ஒரு சொட்டு விடுவார்கள். கரைசலின் கார்பன் கதிரியக்கம் உள்ள கார்பன்-14. மண்ணில் ஏதாவது அதைத் தின்று மூச்சு விட்டால் கதிரியக்க வாயு வெளிவரும். வந்தது, அதுவும் மளமளவென்று. அதே மண்ணை முதலில் 160 டிகிரியில் சூடாக்கிவிட்டுச் செய்தபோது வரவில்லை. உயிருக்கு எதிர்பார்த்தது இதேதான். ஆனால் ஒரு வாரம் கழித்து மறுபடி கரைசல் விட்டபோது புதிதாக வாயு வரவில்லை. இருந்ததிலும் கொஞ்சம் குறைந்தது. உயிர் இருந்திருந்தால் இரண்டாம் பந்திக்கு அல்லவா எழுந்திருக்க வேண்டும்?

மண்ணை 500 டிகிரி வரை சூடாக்கிக் கரிமப் பொருள் தேடிய இன்னொரு கருவியும் கைவிரித்தது. கிடைத்தது குளோரோமீத்தேன், டைகுளோரோமீத்தேன் இரண்டு மட்டும். பூமியில் கருவியைக் கழுவிய திரவத்தின் மிச்சம் என்று ஒதுக்கினார்கள். கரிமமே இல்லாத மண்ணில் உயிர் எங்கிருந்து வரும் என்று கதையை முடித்தார்கள்.

2008-இல் பீனிக்ஸ் கலம் செவ்வாயின் வடதுருவப் பக்கம் மண்ணில் அரை சதவீதம் அளவுக்குப் பெர்குளோரேட் உப்பு இருப்பதைக் கண்டது. குளிர்ந்த மண்ணில் இது சாது. சூடாக்கினால் ஆக்சிஜனைக் கக்கிப் பக்கத்தில் உள்ள கரிமத்தை எரித்துவிடும். எரியும்போது குளோரோமீத்தேன்கள் உண்டாகும். ஆக, தேடிய கருவியே தேடிய பொருளை அழித்திருக்கக் கூடும். ஒதுக்கிவைத்த 'மிச்சம்' தடயமாகவே இருந்திருக்கலாம். பின்னாளில் கியூரியாசிட்டி ஊர்தி கேல் பள்ளத்தின் களிப்பாறையில் கரிமச் சேர்மங்களைக் கண்டுபிடித்தது.

அப்படியானால் 1976-இல் வந்த வாயு? அண்டக் கதிர்கள் பெர்குளோரேட்டைத் தாக்கும்போது உருவாகும் ஹைப்போகுளோரைட் போன்றவையே சத்துக் கரைசலை உடைத்து வாயு விடும் என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். இரண்டாம் சொட்டுக்குப் பதில் இல்லாததோடு சேர்த்துப் பார்த்தால் வேதியியல் பக்கம்தான் தராசு சாய்கிறது. சோதனையை வடிவமைத்த கில்பர்ட் லெவின் 2021-இல் இறக்கும்வரை உயிர் என்றே வாதாடினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்றைக்கு நம்பிக்கை வைக்கக்கூடியது வேறு பாறை. 2024 ஜூலையில் பெர்சிவியரன்ஸ் ஊர்தி 'செயாவா ஃபால்ஸ்' என்ற பாறையில் சிறுத்தைப் புள்ளிகள் மாதிரி வட்டங்களைக் கண்டு அதில் துளையிட்டு மாதிரி எடுத்தது. புள்ளிகளில் இருப்பவை இரும்பு பாஸ்பேட், இரும்பு சல்பைடு கனிமங்கள் என்று தெரிகிறது. பூமியில் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் இவற்றை உண்டாக்கும். உயிரில்லாமலும் உருவாகலாம், ஆனால் அதற்குப் பொதுவாக நல்ல சூடு வேண்டும், இந்தப் பாறை சூடுபட்டதாகத் தெரியவில்லை. 2025 செப்டம்பரில் வெளியான ஆய்வுக் கட்டுரை இதை 'உயிரின் தடயமாக இருக்கக்கூடியது' என்று மட்டுமே சொல்கிறது. தீர்ப்புச் சொல்ல மாதிரி பூமிக்கு வர வேண்டும். அதற்கான திட்டம் 1,100 கோடி டாலர் வரை போகும் என்ற மதிப்பீட்டில் சிக்கிக்கொண்டது.

கே2-18பி கிரகத்தில் உயிரின் வாசம் கிடைத்துவிட்டது என்ற செய்தியை நம்பலாமா?
– ஐ.டி. ஊழியர், சென்னை

இப்போதைக்கு வேண்டாம். அந்தக் கிரகம் 124 ஒளியாண்டு தூரத்தில், சிம்ம விண்மீன் தொகுதியில் செங்குள்ளன் எனப்படும் சின்ன, மங்கலான சிவப்பு விண்மீன் ஒன்றை 33 நாளுக்கொரு முறை சுற்றுகிறது. அது தன் விண்மீனுக்கு முன்னால் கடக்கும்போது கொஞ்சம் ஒளி அதன் காற்று மண்டலத்தின் விளிம்பைத் துளைத்து வரும். எந்த நிறம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, எந்த வாயு என்று ஊகிக்கிறார்கள். மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் இருப்பதாகக் கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு 2023-இல் சொன்னது. 2025 ஏப்ரலில் டைமெத்தில் சல்பைடோ அதன் நெருங்கிய உறவினரோ இருக்கலாம் என்றார்கள். பூமியில் கடல் மிதவை உயிரிகள் விடும் வாயு அது.

அவர்களே சொன்ன உறுதி 'மூன்று சிக்மா'. வெறும் இரைச்சலே இப்படி ஒரு தோற்றத்தைத் தரும் வாய்ப்பு 1,000-க்கு மூன்று. கண்டுபிடிப்பு என்று சொல்ல ஐந்து சிக்மா கேட்பது வழக்கம்; அங்கே அந்த வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே. அதே தரவை வேறு குழுக்கள் வேறு விதமாக அலசியபோது அந்தச் சமிக்ஞை பலவீனமாகிவிட்டது. போதாததற்கு அதே வாயுவின் தடயத்தை 67பி என்ற வால்விண்மீனிலும் கண்டிருக்கிறார்கள். அங்கே மிதவை உயிரி ஏது? இந்த மாதிரிச் செய்தி வந்தால் இரண்டைத் தேடுங்கள்: எத்தனை சிக்மா, வேறு குழு உறுதி செய்ததா. இரண்டும் செய்தியில் இல்லையென்றால் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

நம் கிருமிகளை நாமே அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு, பிறகு 'உயிர் இருக்கிறது' என்று சொல்லிவிட மாட்டோமா?
– வாசகர், பல்லடம்

இந்தத் துறையில் எல்லோருக்கும் உள்ளூர இருக்கும் பயம் இது. வைக்கிங் கலங்களைப் புறப்படும் முன் சுமார் 112 டிகிரியில் முப்பது மணி நேரம் அடுப்பில் வைத்தார்கள். இன்றைய மின்னணுப் பாகங்கள் பலவும் அதைத் தாங்காது. ஆகவே தாங்குகிற பாகங்களை மட்டும் சூடாக்கி, மற்றவற்றை ஆல்கஹாலால் துடைத்தும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி காட்டியும் சமாளிக்கிறார்கள். பிறகு எண்ணிக்கை: பஞ்சுக் குச்சியால் மேற்பரப்பைத் துடைத்து, நீரில் அலசி, 80 டிகிரியில் 15 நிமிடம் வைப்பார்கள். சாதாரண பாக்டீரியா செத்துவிடும், வித்துகள் (சில பாக்டீரியாக்கள் கெட்டியான உறைக்குள் உறங்கும் வடிவம்) மட்டும் பிழைக்கும். அவற்றை ஊட்டத் தட்டில் வளர்த்து எண்ணுவார்கள். செவ்வாயில் இறங்கும் கலத்துக்கு வரம்பு மொத்தம் மூன்று லட்சம் வித்து, சதுர மீட்டருக்குச் சராசரி 300.

பூஜ்யம் அல்ல, கவனியுங்கள். தட்டில் வளராத உயிர்களை இந்த முறை எண்ணவும் எண்ணாது. விண்கலங்களைக் கட்டும் தூய்மை அறை என்பதே கடினமான உயிர்களைத் தேர்ந்தெடுக்கும் சல்லடை ஆகிவிடுகிறது. டெர்சிகாக்கஸ் ஃபீனிசிஸ் என்ற பாக்டீரியாவை முதலில் கண்டதே புளோரிடாவிலும் பிரெஞ்சு கயானாவிலும் உள்ள இரண்டு விண்கலத் தூய்மை அறைகளில்தான். சனியின் நிலா என்செலடஸின் பனிக்கடியில் கடல் இருப்பது தெரிந்த பிறகு, எரிபொருள் தீர்ந்த காசினி கலம் அதன்மேல் மோதிவிடக் கூடாதென்று 2017 செப்டம்பர் 15-இல் சனிக்குள்ளேயே விட்டு எரித்தார்கள். மனிதர் செவ்வாயில் கால் வைத்தால் இந்தக் கணக்கெல்லாம் காலி. மனிதனை அடுப்பில் வைக்க முடியாதே.

செவ்வாயில் குடியேற என்ன தடை? பணமா?
– சிறுதொழில் முனைவோர், கோவை

பணம் இருந்தாலும் கதிர்வீச்சு இருக்கிறது. கியூரியாசிட்டி போகும் வழியில் அளந்தது நாளுக்கு 1.8 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), செவ்வாய்த் தரையில் சுமார் 0.65. போக 180 நாள், வர 180 நாள், அங்கே 500 நாள் என்றால் கூட்டினால் 1,000-ஐ ஒட்டி வரும். நாசா தன் வீரருக்கு வாழ்நாள் முழுக்க அனுமதிப்பது 600. மண்ணைக் குவித்து அதற்கடியில் வாழலாம். ஆனால் அதே மண்ணில்தான் தைராய்டைக் கெடுக்கும் பெர்குளோரேட். கழுவாமல் அதில் பயிர் வைக்க முடியாது, கழுவத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் மறுசுழற்சி என்ன பாடு என்பதை முதல் பதிலில் பார்த்தீர்கள்.

வேற்றுக்கிரகவாசிகளிடமிருந்து 'வாவ்' சிக்னல் வந்ததாமே?
– வாசகர், மதுரை

1977 ஆகஸ்ட் 15-இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் இருந்த 'பிக் இயர்' வானொலித் தொலைநோக்கி 72 விநாடி பிடித்த வானொலிச் சமிக்ஞைதான் அது. 'பிக் இயர்' அசையாத தொலைநோக்கி. பூமி சுழல, வானின் ஒரு புள்ளி அதன் பார்வையைக் கடக்க ஆகும் நேரமே 72 விநாடி. எனவே வானத்திலிருந்து வந்திருக்கலாம் என்பது வரை சரி. திரும்பக் கேட்கவே இல்லை என்பதால் அதற்கு மேல் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் பல வருடம் விட்டு விட்டு வந்த மர்மத் துடிப்புகளை 2015-இல் பிடித்தார்கள்: மைக்ரோவேவ் அடுப்பு ஓடி முடியும் முன்பே யாரோ கதவைத் திறந்தது.

விண்வெளி நிலையத்தை எங்கள் ஊர் மொட்டை மாடியிலிருந்து பார்க்க முடியுமா?
– மாணவி, நாகர்கோவில்

தாராளமாக. தொலைநோக்கி வேண்டாம். நாசாவின் 'ஸ்பாட் தி ஸ்டேஷன்' சேவையில் ஊரைக் கொடுத்தால் தேதி, நேரம், எந்தத் திசையில் தோன்றி எங்கே மறையும், உச்ச உயரம் எத்தனை டிகிரி எல்லாம் வரும். 40 டிகிரிக்கு மேல் உயரும் நாளாகப் பாருங்கள். கை நீட்டிப் பிடித்த முஷ்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் ஒன்றிரண்டு மணி நேரம்தான் வாய்ப்பு: நமக்கு இருட்ட வேண்டும், மேலே அதன்மேல் வெயில் பட வேண்டும். மேற்குப் பக்கமிருந்து கிழக்கு நோக்கி, அதிகம் போனால் ஆறு நிமிடம் நகரும். சிமிட்டினால் அது விமானம். நடுவானில் சட்டென்று மங்கி மறைந்தால் பயப்பட வேண்டாம், பூமியின் நிழலுக்குள் போயிருக்கிறது. படம் எடுக்க நினைத்தால் போனை ஸ்டாண்டில் வைத்துப் பத்து விநாடிக்கு மேல் எக்ஸ்போஷர் கொடுங்கள். கையில் பிடித்தால் கோடு கோணலாகத்தான் வரும்.